நாலணா ஏன் சாகவில்லை?

கொஞ்சம் நீளமான பதிவு. வேலை நேரத்தில் இருப்பவர்கள் சேமித்து வைத்துக்கொண்டு ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு படியுங்கள்.

2011 ஜூன் 30-ஆம் தேதியோடு 25 காசு நாணயம் நம் நாட்டில் செல்லாமல் போனது. அதற்கும் 54 ஆண்டுகளுக்கு முன்பே, 1957-இல், அணாக் கணக்கு சட்டப்படி முடிந்துவிட்டது. ஆக, நாலணாவுக்கு இரண்டு தடவை காரியம் பண்ணியாயிற்று. ஆனாலும் போன வாரம் ஒரு கல்யாணப் பந்தியில் என் பக்கத்து இலைக்காரர், நாற்பது வயதுகூட இருக்காது, "அந்த ஆளு நாலணாவுக்குப் பிரயோஜனமில்லை" என்று யாரையோ திட்டிக்கொண்டிருந்தார். அணாவைக் கண்ணாலேயே பார்த்திராத மனிதர்!

இதை நான் இப்போது எழுதக் காரணம், 1988-இல் என்னிடம் பத்தாம் வகுப்பு படித்த ஒரு மாணவர் அனுப்பிய வாட்ஸ்அப் செய்தி. "எந்தப் பழக்கத்தையும் 21 நாளில் மாற்றிவிடலாம், விஞ்ஞானிகள் நிரூபித்துவிட்டார்கள்" என்று அதில் இருந்தது. "உண்மையா சார்?" என்று கேட்டிருந்தார். அவருக்குச் சர்க்கரை வந்திருக்கிறது, காபியில் சீனியை விட வேண்டும்.

அந்த 21 நாள் எங்கிருந்து வந்தது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். மாக்ஸ்வெல் மால்ட்ஸ் என்று அமெரிக்காவில் ஒரு முக அறுவை சிகிச்சை மருத்துவர். 1960-இல் ஒரு புத்தகம் எழுதினார். மூக்கைத் திருத்திக்கொண்டவர்கள் கண்ணாடியில் தெரியும் புது முகத்துக்குப் பழகுவதற்குக் குறைந்தது 21 நாளாவது ஆகிறது என்று தான் பார்த்ததை அதில் சொன்னார். காலப்போக்கில் "குறைந்தது" உதிர்ந்துவிட்டது, மூக்கும் உதிர்ந்துவிட்டது, 21 மட்டும் மிஞ்சியது. பிறகு லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் பிலிப்பா லாலி என்பவரும் அவர் குழுவினரும் 96 பேரை 12 வாரம் கவனித்தார்கள். மதியச் சாப்பாட்டோடு ஒரு டம்ளர் தண்ணீர் குடிப்பது போல ஒரு சின்னக் காரியத்தை ஒவ்வொருவரும் தினமும் செய்ய வேண்டும். யோசிக்காமலே அதைச் செய்யும் நிலை வர ஒருவருக்கு 18 நாள் போதுமாக இருந்தது. இன்னொருவருக்கு 254 நாள் ஆகும் என்று கணக்கு வந்தது. நடுவாக எடுத்தால் 66 நாள். இடையில் ஒரு நாள் விட்டுப்போனால் குடி முழுகிவிடவில்லை என்றும் கண்டார்கள். நம்மவர்கள் ஒரு மண்டலம், 48 நாள் என்று வைத்தது எவ்வளவோ நிதானமான கணக்கு!

ஆனால் நாளைக் கணக்கிடுவதில் எனக்கு அவ்வளவு ஆர்வமில்லை. நான் வரலாற்று வாத்தியார். நாற்பது கோடிப் பேர் ஒரே சமயத்தில் தங்கள் பழக்கத்தை மாற்றிக்கொண்டதை என் சின்ன வயதில் கண்ணால் பார்த்தவன். அதில் எது மாறியது, எது மாறவில்லை, ஏன் என்று யோசித்தால் அந்த மாணவருக்கும் கொஞ்சம் பதில் கிடைக்கும்.

1957 ஏப்ரல் 1. அப்போது எனக்கு எட்டு வயது, மூன்றாம் வகுப்பு முடியும் நேரம். மானாமதுரைப் பக்கம் எங்கள் ஊர். அப்பா ஒரு மளிகைக் கடையில் கணக்கு எழுதினார். அன்றுவரை ஒரு ரூபாய்க்கு 16 அணா. ஓர் அணாவுக்கு நான்கு காலணா, அல்லது 12 தம்படி. அதாவது ரூபாய்க்கு 64 காலணா, 192 தம்படி. இப்போதுள்ள பிள்ளைகளிடம் சொன்னால், இவ்வளவு சிக்கலான கணக்கை எப்படிப் போட்டீர்கள் தாத்தா என்கிறார்கள்.

சிக்கலே இல்லை. ரூபாயைப் பாதியாக்கினால் எட்டணா. அதைப் பாதியாக்கினால் நாலணா. பிறகு இரண்டணா, ஓரணா, அரையணா, காலணா. ஆறு தடவை பாதியாக்கியும் கணக்கு உடையவில்லை. படியும் அப்படித்தான். படியில் பாதி உரி, உரியில் பாதி உழக்கு, உழக்கில் பாதி ஆழாக்கு. பாதியாக்குவது என்பது கைக்கு இயல்பாக வருகிற வேலை. துணியை மடிக்கலாம், கருப்பட்டியை உடைக்கலாம். எடைக்கல்லே இல்லாமல் வெறும் தராசை வைத்துக்கொண்டு புளியை இரண்டு தட்டிலும் சமமாகப் போட்டுப் பாதியாக்கலாம். எழுதப் படிக்கத் தெரியாதவர்களும் ஏமாறாமல் வாங்கி விற்க முடிந்தது இதனால்தான். திண்ணைப் பள்ளிக்கூடங்களில் எண்சுவடி என்று பிள்ளைகள் ராகம் போட்டுப் படித்ததில் கால், அரைக்கால், மாகாணி என்று கீழே கீழே போகும் பின்னங்களுக்குத் தனி வாய்ப்பாடே இருந்தது. மாகாணி என்றால் பதினாறில் ஒன்று. ரூபாயில் மாகாணிதான் ஓர் அணா! பள்ளிக்கூட வாசலை மிதிக்காத என் அப்பத்தா அந்த வாய்ப்பாட்டைக் காதால் கேட்டே பிடித்துவைத்திருந்தாள். மூன்றரைக்கால் வீசை மிளகாய், வீசை ஒன்றேகால் ரூபாய் என்றால் அப்பா பென்சிலைத் தேடுவதற்குள் விலை சொல்லிவிடுவாள்.

இப்போது 100-ஐப் பாதியாக்கிப் பாருங்கள். 50. அதில் பாதி 25. அதோடு சரி. அடுத்தது பன்னிரண்டரை, கணக்கு உடைந்துவிடுகிறது.

இதுதான் 1957-இல் நடந்த கதையின் மையம். பாராளுமன்றம் 1955-இல் நாணயச் சட்டத்தைத் திருத்தி, ரூபாய்க்கு 100 பைசா என்று முடிவு செய்தது. பழைய பைசாவோடு குழம்பக் கூடாது என்பதற்காகப் புதுசுக்கு "நயா பைசா" என்று பெயர். நம் ஊரில் நயா பைசா என்பதை முழுசாக யார் சொன்னார்கள்? "நயாபைசா" ஒரே வார்த்தையாகி, பிறகு "பைசா" ஆகி, "காசு" ஆகிவிட்டது. 1964 ஜூன் 1-இல் அரசே "நயா"வை எடுத்துவிட்டது. ஏழு வருஷத்தில் புதுசு பழசாகிவிட்டதல்லவா!

(இலங்கையில் உறவு வைத்திருந்த குடும்பங்களுக்கு இதெல்லாம் வேடிக்கையாக இருந்திருக்கும். அங்கே 1872-லேயே ரூபாய்க்கு 100 சதம் வந்துவிட்டது.)

நாலணா சரியாக 25 நயா பைசா. எட்டணா சரியாக 50. இவற்றில் சண்டை இல்லை. ஆனால் ஓரணா என்பது ஆறேகால். காலணா என்பது ஒன்றரையும் கொஞ்சமும். ஆறேகால் பைசாவுக்கு நாணயம் ஏது? அதனால் அரசு ஒரு மாற்றுப் பட்டியல் வெளியிட்டது. காலணாவுக்கு 2 நயா பைசா, அரையணாவுக்கு 3, முக்காலணாவுக்கு 5, ஓரணாவுக்கு 6, இரண்டணாவுக்கு 12, மூன்றணாவுக்கு 19, நாலணாவுக்கு 25. மொத்தத் தொகையை மாற்றும்போது இதில் வரும் பிசகு அரைப் பைசாவுக்குள் அடங்கிவிடும். பெரிய கடைகளில் மாதக் கணக்கு வைத்திருந்தவர்களுக்கு ஒரு நஷ்டமும் இல்லை.

நஷ்டம் யாருக்கு? அன்றாடங்காய்ச்சிகளுக்கு. கூலி வாங்கிக்கொண்டு சாயங்காலம் கடைக்கு வரும் பெண்கள் காலணாவுக்கு மிளகாய், காலணாவுக்கு உப்பு, காலணாவுக்கு வெற்றிலை என்றுதான் வாங்குவார்கள். ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக 2 நயா பைசா. இப்படிப் பதினாறு தடவை காலணாச் சாமான் வாங்கினால் நியாயமாக நாலணா, அதாவது 25 நயா பைசா. அவர்கள் கையிலிருந்து போனதோ 32. நூற்றுக்கு 28 வீதம் விலையேற்றம், ஒரு சட்டமும் போடாமல்! ஓரணாச் சாமானுக்குப் பட்டியல்படி 6 வாங்காமல் 7 கேட்டவர்களும் உண்டு. ஆறேகால் என்றால் ஆறைத் தாண்டிவிட்டதாம்.

நாணயத்தின் வடிவமும் ஒரு தொல்லை. பழைய ஓரணா விளிம்பு வளைவு வளைவாக இருக்கும். இரண்டணா மூலை மழுங்கிய சதுரம். புதிதாக வந்த 10 நயா பைசாவும் விளிம்பு வளைந்தது, 5 நயா பைசாவும் சதுரம். கண் மங்கிய கிழவிகள் இடுப்புச் சுருக்குப்பையில் விரலை விட்டுத் தடவியே காசை எடுப்பார்கள். அந்த விரல்களுக்கு வருஷக்கணக்கான பழக்கம். வளைந்த விளிம்பு தட்டுப்பட்டால் ஓரணா என்று எடுத்துக் கொடுத்துவிடும். கொடுத்தது பத்து, கொடுக்க வேண்டியது ஆறு.

பழக்கம் எங்கே குடியிருக்கிறது என்று கேட்டால் நான் இந்த விரல்களைத்தான் காட்டுவேன். அது விரலிலும், விரல் தொடுகிற பொருளிலும் சேர்ந்து இருக்கிறது. அறிவு வேறு இடத்தில் இருக்கிறது. அப்பத்தாவுக்கு நயா பைசா என்றால் என்ன என்று தெரியாமல் இல்லை. நான் படித்துக் காட்டிய பட்டியலை இரண்டே நாளில் மனப்பாடம் செய்துவிட்டாள். விரலுக்கு வர ஒரு வருஷம் ஆயிற்று.

அவள் கண்டுபிடித்த வழி ஒன்று உண்டு. காலணா, அரையணாவுக்கு வாங்குவதையே நிறுத்திவிட்டாள். எது வாங்கினாலும் நாலணாவுக்கு, இல்லாவிட்டால் எட்டணாவுக்கு. "அங்கதான்டா ரெண்டு கணக்கும் ஒத்துப்போகுது" என்பாள். நாலணா இரண்டு உலகத்திலும் செல்லும் பாலம் அவளுக்கு. ஆனால் கையில் நாலணாவைச் சேர்த்து வைத்திருக்க முடிந்தவளுக்குத்தானே அந்த வழி? அன்றைய கூலியில் அன்றைய அடுப்பை எரிப்பவர்களால் முடியாது. ஒரு பழக்கத்தை மாற்றுவதற்கு ஆகும் செலவு எல்லாருக்கும் ஒன்றாக இருப்பதில்லை என்பதை நான் பிற்காலத்தில் எந்தப் பாடம் நடத்தும்போதும் மறந்ததில்லை. பிரெஞ்சுப் புரட்சி நடத்தும்போதுகூடச் சொல்லியிருப்பேன், ஞாபகம் இருக்கிறதா?

என் தலைப்புக் கேள்விக்குப் பதிலும் இங்கேதான் இருக்கிறது. ஓரணா, இரண்டணா, காலணா எல்லாம் பேச்சில் மெல்ல மெல்லத் தேய்ந்தன. புது நாணயத்தில் அவற்றுக்கு இடமில்லை. 25-க்கும் 50-க்கும் நாணயம் இருந்தது, அதனால் நாலணாவும் எட்டணாவும் புது வீட்டில் பழைய பெயரோடு குடியேறிவிட்டன. பழைய பழக்கம் புது ஏற்பாட்டில் தனக்குப் பொருந்துகிற மாடம் ஒன்று இருந்தால் அதில் போய் உட்கார்ந்துகொள்ளும். அதில் ஒரு கெடுதலும் இல்லை என்பது என் அபிப்பிராயம். இங்கிலாந்துக்காரர்களும் இதையே செய்தார்கள். 1971 பிப்ரவரி 15-இல் அவர்கள் பவுண்டுக்கு 240 பென்ஸ் என்பதை விட்டு 100-க்கு வந்தார்கள். ஆனால் பழைய ஆறு பென்ஸ் நாணயத்தை விட மனமில்லை. புதுக் கணக்கில் அது இரண்டரைப் பென்ஸ் என்று வைத்துக்கொண்டு 1980 வரை ஓட்டினார்கள்.

நாணயத்தைவிட எடையும் அளவும் பெரிய கதை. 1956-இல் எடை, அளவுகளுக்கான சட்டம் வந்தது. 1958 அக்டோபரிலிருந்து கிலோ கிராம் படிப்படியாக நடைமுறைக்கு வந்தது. நாடு முழுக்கக் கட்டாயமாக 1960-கள் பிறந்துவிட்டன. அதுவரை எங்கள் பக்கம் பலம், சேர், வீசை, மணங்கு. மூன்று தோலா ஒரு பலம், நாற்பது பலம் ஒரு வீசை, எட்டு வீசை ஒரு மணங்கு. வீசை இன்றைய கணக்கில் சுமார் 1.4 கிலோ. ஆனால் வடக்கே மணங்கு என்றால் நம் மணங்கைப் போல மூன்று மடங்குக்கும் மேல், கிட்டத்தட்ட 37 கிலோ. படியும் ஊருக்கு ஊர் வேறு. அளப்பதில் தலை தட்டி அளப்பது ஒன்று, கோபுரமாகக் குவித்து அளப்பது ஒன்று. நிலக்காரர் கூலி அளக்கும்போது தலை தட்டுவார், குத்தகை வாங்கும்போது குவிப்பார். எல்லாரும் அப்படி என்று சொல்ல மாட்டேன். ஆனால் ஒரே படி இரண்டு விதமாக அளக்க முடிந்த காலம் அது. ஏழைக்கு அணா போனதில் நஷ்டம் என்றேன். படி போனதில் லாபம் இருந்தது.

அப்பாவுக்குத்தான் கஷ்டம். இருபது வருஷம் வீசைக்குக் கணக்கு எழுதிய கை. முத்திரை குத்திய புது இரும்புக் கற்கள் ஆறு பட்டையாக வந்து இறங்கின. அப்பா முதலாளியிடம் கேட்டுக்கொண்டு முதல் காரியமாகப் பழைய கற்களையும் பித்தளை உழக்கு, ஆழாக்குகளையும் கடையிலிருந்து எடுத்து எங்கள் வீட்டுப் பரணில் போட்டுவிட்டார். சட்டத்துக்குப் பயந்து மட்டும் இல்லை. "கண்ணில் பட்டால் கை போகும்" என்றார். கை போகிற இடத்தில் பழைய கல் இருந்தால், புதுக் கல்லைப் பற்றி எவ்வளவு தெரிந்திருந்தும் அவசரத்தில் பழசுதான் தராசில் ஏறும். சீனியை விட நினைக்கும் என் மாணவருக்கு நான் சொன்னதும் இதுதான். மன உறுதியைப் பற்றி அப்புறம் பேசுவோம், முதலில் சீனி டப்பாவை அடுப்பு மேடையிலிருந்து பரணுக்கு ஏற்று. காபி கலக்குவது உன் சம்சாரம் என்றால் அவரிடம் சொல்லி ஏற்றச் சொல்.

பொருள் இல்லாமல் சட்டம் மட்டும் வந்தால் என்ன ஆகும் என்பதற்குப் பிரான்ஸ்தான் சாட்சி. மீட்டரையும் கிராமையும் உலகத்துக்குக் கொடுத்தவர்களே அவர்கள்தான். 1795 ஏப்ரல் 7-ஆம் தேதிச் சட்டத்தில் அந்தப் பெயர்கள் வந்தன. ஆனால் பாரிஸ் நகரத்துக் கடைகளுக்கே போதுமான மீட்டர் கோல்கள் கிடையாது. கோல் இல்லாத கடைக்காரர் எதைக் கொண்டு அளப்பார்? கையில் இருந்த பழைய கோலைக் கொண்டுதான். புரட்சிக்காரர்களுக்கு வேகம் வேறு அதிகம். வாரத்துக்குப் பத்து நாள், நாளுக்குப் பத்து மணி நேரம் என்றும் மாற்றிப் பார்த்தார்கள். பத்து மணிக் கடிகாரத்தை அதே 1795-இல் கைவிட்டார்கள். பத்து நாள் வாரத்தில் ஓய்வு நாள் பத்தில் ஒன்றாகிவிட்டது, ஏழு நாளுக்கு ஒருமுறை ஓய்ந்து பழகிய உடம்பு கேட்குமா? அந்த நாட்காட்டி 1806 பிறக்கும்போது போய்விட்டது. 1812-இல் நெப்போலியன் இறங்கி வந்து, பழைய பெயர்களோடு ஒரு சமரச அளவையைக் கடைகளுக்கு அனுமதித்தார். மீட்டர் முறை முழுக்கக் கட்டாயமானது 1840 ஜனவரி 1-இல். நாற்பத்தைந்து வருஷம்! இன்றும் பிரெஞ்சுச் சந்தையில் அரைக் கிலோவுக்கு "லீவ்ர்" என்று பழைய பெயரைச் சொல்பவர்கள் உண்டு. அது அவர்களுடைய நாலணா.

படிப்படியாக மாற்றவே முடியாத பழக்கமும் உண்டு. சாலையில் இடது பக்கம் போவதிலிருந்து வலது பக்கத்துக்கு மாறுவதை இந்த வாரம் கார்கள், அடுத்த வாரம் லாரிகள் என்று செய்ய முடியுமா? ஸ்வீடன் இந்தச் சிக்கலில் மாட்டியது. 1955-இல் மக்களிடம் வாக்கெடுப்பு நடத்தியபோது 83 சதவீதம் பேர் மாற்றம் வேண்டாம் என்றார்கள். அரசு கொஞ்ச காலம் பொறுத்திருந்து, 1963-இல் மாற்றியே தீருவது என்று முடிவெடுத்தது. 1967 செப்டம்பர் 3, ஞாயிற்றுக்கிழமை, அதிகாலை 4.50-க்குச் சாலையில் இருந்த வண்டியெல்லாம் நின்றன. மெதுவாக வலது பக்கத்துக்கு நகர்ந்தன. 5 மணிக்கு மறுபடி கிளம்பின. விபத்து குவியும் என்று எல்லாரும் பயந்தார்கள். குறைந்தது! எல்லாரும் அத்தனை கவனமாக ஓட்டினார்கள். பிறகு புதுப் பக்கமும் பழகிப்போயிற்று, கவனம் தளர்ந்தது, விபத்தும் பழைய அளவுக்கே திரும்பியது. பழக்கம் நமக்குச் செய்யும் உதவியும் அதன் ஆபத்தும் ஒன்றேதான், யோசிக்க வேண்டியதில்லை என்பது.

நம் நாட்டு மாற்றத்துக்கு இன்னொரு தூதர் படை இருந்தது. பள்ளிக்கூடப் பிள்ளைகள். எங்கள் மூன்றாம் வகுப்பு ஆசிரியர் பலகையில் மாற்றுப் பட்டியலை எழுதிப்போட்டு, "வீட்டில் போய் எல்லாருக்கும் சொல்லிக்கொடுக்க வேண்டும்" என்று அனுப்பினார். எட்டு வயதுப் பையன் பெரியவர்களுக்குக் கணக்குச் சொல்வது அன்றைக்குச் சின்ன விஷயமா? தெருவில் என்னை "ஏலேய் நயாபைசா" என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். கடையில் மீதிச் சில்லறை சரிதானா என்று கூலிக்காரப் பெண்கள் என்னிடம் உள்ளங்கையை விரித்துக் காட்டுவார்கள். வாத்தியார் ஆகும் ஆசை எனக்கு அப்போதுதான் வந்திருக்க வேண்டும். பிள்ளைகளுக்கு மறக்க வேண்டியது ஒன்றுமில்லை, அதனால் சீக்கிரம் வந்துவிட்டது. எங்களுக்குப் பிறகு வந்தவர்களுக்கு அதுவே தாய்மொழி.

இனி, மாறாதவற்றின் பட்டியலைப் பாருங்கள், சுவாரசியமாக இருக்கும். பூ இன்னும் முழம்தான். முழங்கையிலிருந்து விரல் நுனிவரை, அளவுகோல் பூக்காரம்மாவின் உடம்பிலேயே இருக்கிறது, எந்த அதிகாரி பறிமுதல் செய்வார்? (கை குட்டையான பூக்காரியிடம் வாங்காதே என்று என் வீட்டம்மா ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் சொல்வார்.) பாவாடைத் துணி மீட்டருக்கு வந்துவிட்டது, ஏனென்றால் ஜவுளிக்கடை மேசையில் மீட்டர் கோலைப் பதித்துவிட்டார்கள். மடிசார்ப் புடவைக்கு மட்டும் பெயர் ஒன்பது கஜம். தங்கம் பவுன். அது இங்கிலாந்து ராஜாவின் தங்க நாணயத்து எடை, சரியாகச் சொன்னால் 7.98 கிராம். அதை 8 கிராம் என்று வைத்துக்கொண்டு பெயரைக் காப்பாற்றிவிட்டோம். பட்டாவில் ஹெக்டேர், ஏர் என்று அச்சடித்துக் கொடுக்கிறார்கள், வாங்குகிறவர் முதலில் கேட்பது "எத்தனை சென்ட் வருது?" காய்ச்சல் 101, 102 என்றால்தான் பயப்படுகிறோம். 39 டிகிரி என்று யாராவது சொன்னால், இப்போது எழுந்து ஓட வேண்டுமா வேண்டாமா என்று தெரியாது. நாளிதழ்களில் வெயில் "சதமடித்தது" என்று தலைப்பு வருவதும் பாரன்ஹீட்டில்தான். 37.8 டிகிரி செல்சியஸை எட்டியது என்று போட்டால் வியர்க்குமா?

காய்கறிச் சந்தையில் இன்னொன்று. கிலோ வந்துவிட்டது, ஆனால் கால் கிலோ, அரைக் கிலோ, முக்கால் கிலோ என்றுதான் கேட்கிறோம். 250 கிராம் தக்காளி என்று கேட்பவரைக் கடைக்காரர் ஒரு மாதிரியாகப் பார்ப்பார். கல் மாறிவிட்டது, பாதியாக்கும் கை மாறவில்லை.

எல்லாவற்றையும்விட அடுக்களை. கடையில் படி ஒழிந்து அறுபது வருஷம் ஆகியும் எங்கள் வீட்டில் அரிசி ஆழாக்கால்தான் அளக்கப்படுகிறது. பரணுக்குப் போன அந்தப் பித்தளைச் செட்டில் ஆழாக்கை அப்பத்தா மறு மாதமே கீழே இறக்கிவிட்டாள். அடுக்களைக்கு முத்திரை அதிகாரி வருவதில்லை, அங்கே விற்பனை இல்லை, ஏமாற்று இல்லை. ஒரு ஆளுக்கு ஒரு ஆழாக்கு என்றால் பானையில் எவ்வளவு தண்ணீர் என்று கைக்குத் தெரியும். அதை ஏன் மாற்ற வேண்டும்?

இதில் எனக்குச் சிரிப்பு வந்த விஷயம் ஒன்று. மருமகள் வாங்கிய மின்சாரக் குக்கரோடு ஒரு பிளாஸ்டிக் கிண்ணம் வந்தது. 180 மில்லி. அதென்ன 180, இருநூறு என்று முழுசாக வைத்தால் என்ன என்று தேடிப் படித்தேன். அது ஜப்பான்காரர்களின் பழைய படிக்கணக்கு. "கோ" என்று பெயர். 1959-இலிருந்து அவர்களும் சட்டப்படி மெட்ரிக் முறைக்கு மாறிவிட்டார்கள், ஆனால் அரிசி அளக்கும் கோ மட்டும் குக்கருக்குள் ஒளிந்துகொண்டு உலகம் சுற்றுகிறது. எங்கள் பித்தளை ஆழாக்கில் அரிசியை அளந்து அந்தக் கிண்ணத்தில் கொட்டிப் பார்த்தேன். விளிம்புக்குக் கொஞ்சம் கீழே நின்றது. ஜப்பான் அப்பத்தாவும் நம் அப்பத்தாவும் ஓர் ஆளின் பசியை ஏறத்தாழ ஒன்றாகவே அளந்திருக்கிறார்கள்.

போய்விட்டதில் எனக்கு வருத்தம் ஒன்றே ஒன்று, அந்தப் பின்ன வாய்ப்பாடு. அப்பத்தா சொல்லச் சொல்ல நான் ஒரு நோட்டில் எழுதி வைத்தது காலரைக்கால் வரைதான். மீதியைக் கேட்பதற்குள் 1969-இல் அவள் போய்ச் சேர்ந்துவிட்டாள். உங்கள் வீடுகளில் எண்சுவடி ராகம் தெரிந்த பெரியவர்கள் யாராவது இருந்தால், போனில் பதிவு செய்து எனக்கு அனுப்புங்கள். நெல்லைப் பக்கத்துப் பிள்ளைகள், கொங்குப் பக்கத்துப் பிள்ளைகள், உங்கள் ஊர்ப் படி எவ்வளவு கொள்ளும் என்று தண்ணீர் ஊற்றி அளந்து, ஊர்ப் பெயரோடு கீழே எழுதுங்கள். பழைய படியின் அடியில் முத்திரையும் வருஷமும் இருக்கும், புளி போட்டு விளக்கினால் தெரியும், அதையும் படம் எடுத்துப் போடுங்கள்.